மலையேறிக் கேட்ட கேள்வி

போடிநாயக்கனூரைத் தாண்டியதும் பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கிவிடுகிறது. போடிமெட்டில் தமிழ்நாடு முடிகிறது. பூப்பாறைப் பக்கம் ஏலக்காடு மணக்கிறது. அதற்கு மேல் மலை முழுக்கத் தேயிலை. கேப் ரோட்டின் பாறைச் சரிவைக் கடந்து, தேவிகுளம் வழியாக மூணாறு பஸ் நிலையத்தில் இறங்கினால், காதில் விழும் பேச்சில் பெரும்பங்கு தமிழ்தான். சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு மலையேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பேசும் தமிழ்.

என்னிடம் வேதியியல் படித்த மாணவி ஒருத்தியின் பெற்றோரைப் பார்க்கத்தான் போனேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த அவள் இப்போது பீங்கான் சவ்வுகளில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கனிமச் சவ்வுகளுக்கான பன்னாட்டு மாநாட்டில் அவளுடைய கட்டுரை ஏற்கப்பட்டிருந்தது.

அலுமினா, சிர்கோனியா போன்றவற்றின் பொடியைக் குழைத்துக் குழாயாக்கி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டெடுக்கும் நுண்வடிகட்டிகள்தாம் பீங்கான் சவ்வுகள். பிளாஸ்டிக் சவ்வு தாங்காத சூட்டையும் அமிலத்தையும் தாங்கும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், யுரேனிய வாயுவை நுண்துளை நிக்கல் தடுப்புகளின் வழியே செலுத்தி அணுகுண்டுக்கான யுரேனியத்தைச் செறிவூட்டினார்கள். அன்று ரகசியமாக இருந்த கனிமச் சவ்வுத் துறை பிறகு பாலுக்கும் குடிநீருக்கும் வந்து சேர்ந்தது. கனிமச் சவ்வுகளுக்கான முதல் பன்னாட்டு மாநாடு 1989-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் கூடியது.

லயத்து வாசலில் கட்டன் சாயா கொடுத்துவிட்டு அவளுடைய அம்மா கேட்டார்: "கம்ப்யூட்டர்லயே பேசிக்கிடலாம்னு சொல்றாங்களே சார். அம்புட்டுத் தூரம் எதுக்குப் போகணும்?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். சவ்வின் மேல் பூசிய மெல்லிய படலம் காயும்போதே வெடிக்கும். சூளையின் சூடு சற்று வேகமாக ஏறினாலும் வெடிக்கும். வாயுவைப் பிரிக்கும் சவ்வில் ஊசிமுனையைவிடச் சிறிய ஓட்டை விழுந்தாலே மாதக்கணக்கான உழைப்பு வீண். அச்சான கட்டுரையில் பெரும்பாலும் வெற்றி பெற்ற சவ்வுதான் இருக்கும். உடைந்தவை எப்படி உடைந்தன என்பதை யாரும் அதிகம் எழுதுவதில்லை. அதையெல்லாம் மாநாட்டு இடைவேளையில், ஆய்வுச் சுவரொட்டியின் முன்னால் நின்றுதான் மனம்விட்டுப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் இவளும் நிற்க வேண்டும். அடுத்த வேலைக்கு இவளை அழைக்கப்போகிறவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

அம்மா தலையசைத்தார். பிறகு பணத்தைப் பற்றிக் கேட்டார்.

உதவி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்த பயண உதவித் திட்டம் விமானக் கட்டணத்தையும் விசாக் கட்டணத்தையும் ஏற்றது. இளம் ஆய்வாளர்களுக்குப் பதிவுக் கட்டணமும் கிடைத்தது. ஆனால் இத்தகைய உதவி பெரும்பாலும் போய்வந்த பிறகு, டிக்கெட்டும் போர்டிங் பாஸும் ரசீதும் காட்டினால்தான் கைக்கு வருகிறது. அதுவரை ஒரு லட்சமோ அதற்கு மேலோ சொந்தக் கையிலிருந்து போட வேண்டும்.

தோட்டத்து வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை! 2015 செப்டம்பரில் இதே மூணாறில் தோட்டப் பெண்கள் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு, சாலையில் உட்கார்ந்து, 20 விழுக்காடு போனஸைப் போராடி வாங்கினார்கள். அன்றைக்கு அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். அந்தக் கூலியில் ஒரு லட்சம் என்றால் ஏறக்குறைய 431 நாள் கொழுந்து கிள்ள வேண்டும். கூலி இன்று கூடியிருந்தாலும், என் மாணவியின் வீட்டில் முன்பணம் போடச் சேமிப்பு ஏது? பின்னால் வரும் உதவி, முன்னால் பணம் வைத்திருப்பவருக்கே பயன்படுகிறது. தகுதியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, வசதி இல்லாதவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறோம்.

இதற்குப் பெரிய சட்டமோ புதுத் துறையோ தேவையில்லை. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு சுழல்நிதி வைத்தால் போதும். உதவி உறுதியான கடிதத்தைக் காட்டியதும் ஆய்வாளருக்கு முன்பணம் கொடுக்கட்டும். அரசுப் பணம் வந்ததும் அது நிதிக்கே திரும்பட்டும். பழைய மாணவர்கள் பத்துப் பேர் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் அந்த ஒரு லட்சம் தயார். என் மாணவி போய்வந்து, அரசுப் பணம் நிதிக்குத் திரும்பியதும் அதே பணத்தில் அடுத்தவர் புறப்படலாம். என் பத்தாயிரத்தைத் தருவதாக அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மற்ற ஒன்பது பேரை நான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். இதைப் படிக்கும் ஆசிரியர்களும் தங்கள் கல்லூரியில் கேளுங்கள்.