ஜே.சி. நகர் டவர்காரர்களுக்கு

பெங்களூர் ஜே.சி. நகர் தூர்தர்ஷன் டவரில் டிரான்ஸ்மிட்டர் டியூட்டி பார்த்தவர்களே, பார்க்கிறவர்களே,

உங்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. செய்தி வாசித்தவர்களை ஊருக்கே தெரியும், தெருவில் பார்த்தால் நின்று பேசுவார்கள். ராத்திரி ஷிப்டில் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உங்களுக்கு யாரும் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது வருஷமாகப் பாக்கி நிற்கும் நன்றி இது.

ரிச்சர்ட்ஸ் பார்க்குக்குப் பக்கத்தில், பழைய பங்களா ஒன்றின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். ஓட்டுக்கூரை. மீன்முள் மாதிரியான ஆன்டெனாவை நட்டு வைக்க மாடி கிடையாது. அப்பா 1984-ல் ஷட்டர் வைத்த டயனோரா கறுப்பு வெள்ளை டிவியை வாங்கி வந்தபோது, அதன் தலையில் நிற்கும் இரண்டு குச்சிதான் எங்களுக்கு வாய்த்தது. உங்கள் டவர் மேற்கே சுமார் மூன்று கிலோமீட்டர். அதனால் அதுவே போதும் என்றார் அப்பா.

அவர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலைக்காரர், அலைகளைப் பற்றித் தெரிந்தவர். குச்சி ஒவ்வொன்றும் அலை நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும், ஒன்றரை மீட்டர் அலைக்கு ஒன்றேகால் அடி என்று பென்சிலால் எழுதிக் காட்டுவார். குச்சியின் முனையை டவரை நோக்கி நீட்டக் கூடாது, குறுக்கே விரிக்க வேண்டும். டவர் மேற்கு என்றால் குச்சிகள் வடக்கும் தெற்குமாக. இவ்வளவு தெரிந்தும் படம் முதலில் கொசு பறக்கிற மாதிரிதான் வரும். "இப்ப வருதா?" "வருது, வருது… போச்சுப்பா." அவர் குச்சியைப் பிடித்திருக்கும் வரை தெளிவாக இருக்கும், கையை எடுத்தால் கலையும், ஏனென்றால் மனித உடம்பும் அலை வாங்கும். எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பும் அலை கொஞ்சம் தாமதமாக வருவதால் செய்தி வாசிப்பவருக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான உருவம் நிற்கும். கடைசியில் ஜன்னல் திண்டில் ஓர் இடம் அமைந்தது. அங்கே அப்பா கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அடையாளம் வைத்தார். தூசி தட்டுகிறவர்கள் டிவியை நகர்த்தினால் அந்த டேப்புக்கே கொண்டுவந்து வைக்க வேண்டும்.

அம்மா குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கன்டோன்மென்ட் பக்கம் தமிழிலேயே காலம் ஓட்டிவிடலாம். காக்ஸ் டவுன் மார்க்கெட், கோயில், எதிர்வீடு எல்லாம் தமிழ்தான். ஆனால் பெங்களூரில் ஆன்டெனாவில் வந்தது கன்னடமும் இந்தியும். மெட்ராஸில் எங்கள் சித்தி வீட்டில் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் பார்ப்பார்கள், இங்கே அது எட்டாது. முதலில் அம்மாவுக்கு அது பெரிய குறை. அப்புறம் வேறு வழியில்லாமல் சாயங்காலச் செய்தியைக் கேட்க ஆரம்பித்தார். அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்பார். "மளெ" என்றால் மழை, "நீரு" என்றால் தண்ணீர் என்று தானே கண்டுபிடித்துச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிறுமி தெரிவாள். ஐந்தாறு வருஷத்தில் அவருக்கு முழுச் செய்தியும் புரிந்தது. டியூஷன் வைக்காமல், காசு கொடுக்காமல், உங்கள் டவர் சொல்லிக்கொடுத்த கன்னடம்.

அதன் மதிப்பு 1991 டிசம்பரில் தெரிந்தது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வந்த கையோடு ஊரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, சத்தத்தை முக்கால்வாசி தணித்து, டிவிக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒவ்வொரு வரியையும் கேட்டு எங்களுக்குத் தமிழில் மெதுவாகச் சொன்னார். எந்தப் பகுதியில் ஊரடங்கு, எப்போது தளர்த்துவார்கள், எங்கே அமைதி திரும்பியது. வதந்தி வாசல்வாசலாக வந்துகொண்டிருந்த அந்த நாளில் எங்களுக்கு இருந்த ஒரே உறுதி அந்தக் கன்னடக் குரல்தான். பஸ் ஓடாத அந்த ராத்திரியிலும் உங்களில் யாரோ எப்படியோ டவருக்கு வந்து சேர்ந்து டிரான்ஸ்மிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் கன்னடரா, தமிழரா, தெலுங்கரா, தெரியாது. அலையை வாங்கும் வீட்டில் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று நீங்களும் கேட்கவில்லை.

சந்தோஷமும் அதே ஜன்னல் வழியாக வந்தது. 1996 மார்ச் 9, உலகக் கோப்பை கிரிக்கெட் கால் இறுதி, சின்னசாமி ஸ்டேடியம். ஆமிர் சோஹைலின் ஸ்டம்பை வெங்கடேஷ் பிரசாத் பெயர்த்ததும் டிவியில் ஒரு கூச்சல், உடனே தெரு முழுக்க இன்னொரு கூச்சல்.

அதற்கு ஒரு வருஷம் முன்புதான், காற்றலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில்தான் அந்தத் தீர்ப்பு. அந்தச் செய்தி வந்த பேப்பரை அப்பா ரொம்ப நாள் மடித்து வைத்திருந்தார். 2007-ல் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்தாக வேண்டும். சந்தா கட்ட முடியாதவரும் இந்திய அணி ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று ஒரு நாடு சட்டம் போட்டதை நான் பெருமையாக நினைக்கிறேன்.

2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது, பெங்களூரும் அதில் ஒன்று. அந்த ஒளிபரப்பை வாங்கும் ட்யூனர் உள்ள டிவியில் தம்பி மகன் தேடவிட்டபோது தூர்தர்ஷன் வந்து நின்றது. இந்த அலை சின்னது, ஒரு சாண்கூட இல்லாத குச்சி போதும். சுவரில் பட்டுத் திரும்பும் அலையையும் பெட்டி சமாளித்துக்கொள்கிறது. கொசுவும் இல்லை, இரட்டை உருவமும் இல்லை. வந்தால் பளிச், வராவிட்டால் ஒன்றுமில்லை. அப்பா அப்போது இல்லை. நான் அந்தக் குச்சியைக் கொண்டுபோய்ப் பழைய டேப் இருந்த திண்டில்தான் வைத்தேன்.

பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் ஏறக்குறைய ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. செலவு, பழைய கருவி, பார்ப்பவர் குறைவு என்ற காரணங்கள் எனக்குப் புரிகின்றன. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது, மாதச் சந்தா கிடையாது, அதுவும் நல்ல காரியம். ஆனால் அதற்குக் குடை வைக்க மாடியோ வெளிச்சுவரோ வேண்டும், வாடகை வீட்டில் அனுமதி வேண்டும். ஜன்னல் திண்டில் ஒரு குச்சி வைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பின்கட்டில் குடியிருப்பவர்களுக்காக அந்த வழி திறந்தே இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். முடிவெடுக்கும் இடத்தில் உங்களில் யாராவது இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. டிவி டவர் ஸ்டாப்பை பஸ் கடக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியே தலையைச் சாய்த்து உச்சி வரைக்கும் பார்ப்பார். 1991 டிசம்பர் ராத்திரி டியூட்டியில் இருந்தவர் இதைப் படிக்க நேர்ந்தால், ரிச்சர்ட்ஸ் பார்க் பக்கம் வரும்போது வீட்டுக்கு வாருங்கள். காபி போட்டுத் தருவோம். அம்மா உங்களோடு கன்னடத்திலேயே பேசுவார்.


ரிச்சர்ட்ஸ் டவுன் பின்கட்டு வீட்டு மகள்