முதலில் ஒரு மேசை

திருச்சி உறையூரில் காமிக்ஸும் போர்டு கேமும் விற்கும் ஒரு சிறு கடையைத் திறக்கப் போகிறேன். ஏன் இந்தத் தொழில் என்று கேட்டவர்களிடம், இதற்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்றே சொல்லி வந்தேன். உண்மைக் காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. எனக்குக் கூட்டாளிகள் வேண்டியிருந்தது. படித்த கதையைப் பேசவும், எதிரே உட்கார்ந்து ஆடவும் ஆட்கள் இல்லாத வாழ்க்கை எனக்குச் சலித்துப்போயிருந்தது.

சிறுவயதில் அந்தக் குறை இருந்ததில்லை. பெட்டிக்கடைக் கயிற்றில் ராணி காமிக்ஸ் தொங்கிய காலம் அது. ஒருவன் வாங்கினால் தெருவே படிக்கும். வாடகை நூலகத்தில் முத்து காமிக்ஸின் பழைய இதழ்கள் அட்டை கிழிந்து, பைண்டு செய்யப்பட்டுக் கிடைக்கும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது அதன் முதல் கதை ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டு ராணி காமிக்ஸும் வந்தது. 2005இல் ராணி காமிக்ஸ் நின்றது. வாடகை நூலகங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லயனும் முத்துவும் இன்றும் வருகின்றன, முன்னைவிட நல்ல தாளில், முழு வண்ணத்தில். ஆனால் அவை சந்தா கட்டியவரின் வீட்டுக்குக் கூரியரில் வருகின்றன. உறையைப் பிரித்து, படித்து, அலமாரியில் வைத்துவிட்டால் அந்த மாதம் முடிந்துவிடும்.

கடை யோசனையைச் சொன்னதும் என் மனைவி கேட்ட கேள்வி இதுதான்: “என்னங்க, காமிக்ஸ் சிவகாசியில இருந்து நேரா வீட்டுக்கே வருது. கேமெல்லாம் ஆன்லைன்ல தள்ளுபடியில கிடைக்குது. அப்புறம் உங்க கடைக்கு எதுக்கு வருவாங்க?” என்னிடம் பதில் இல்லை. இடம் தேடியது, சரக்குப் பட்டியல் போட்டது எல்லாம் எளிய வேலைகள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதுதான் உண்மையான ஆயத்தம்.

இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 200 ரூபாய்ப் புத்தகத்துக்கு 25 சதவீதக் கழிவு கிடைத்தால் கையில் நிற்பது 50 ரூபாய். புத்தகக் காட்சிகளில் பழகிய வாசகர் 10 சதவீதக் கழிவு எதிர்பார்ப்பார். அதில் 20 போய்விடும். மிச்சம் 30. வாடகை 12,000 என்றால், அதை மட்டும் கொடுக்க மாதம் 400 புத்தகம் விற்க வேண்டும். மின்கட்டணமும் எங்கள் உழைப்பும் அதற்கு வெளியே. கேம் பெட்டிகளில் லாபம் கூடுதல். ஆனால் 2,500 ரூபாய்ப் பெட்டியை என் கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவர், அங்கேயே நின்று கைபேசியில் விலையை ஒப்பிடுவார். அதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அவர் காசு, அவர் பார்த்துத்தான் செலவழிப்பார். சரக்கை நம்பி மட்டும் இந்தக் கடை நிற்காது என்பது அந்தத் தாளில் தெளிவாகத் தெரிந்தது.

பழைய புத்தகக் கடை நடத்தும் பெரியவர் ஒருவரிடம் போய்க் கேட்டேன். அவர் சரக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “தம்பி, புஸ்தகம் வாங்குறவன் தனியா வருவான். வெளையாட்டு வாங்குறவன் நாலு பேரோட வருவான். அத்தனை பேரும் உக்கார எடம் போட்டிருக்கியா?” என்றார். என் வரைபடத்தில் நான்கு சுவரிலும் அலமாரி இருந்தது. நடுவில் நடைவழி இருந்தது. நாற்காலி இல்லை.

அன்றிலிருந்து கடை பார்ப்பதை நிறுத்திவிட்டு, எங்கள் குடியிருப்பின் பொது அறையில் ஞாயிறு மாலைகளில் ஒரு மேசை போட்டேன். என்னிடமிருந்த சில கேம்களை வைத்து, யார் வந்தாலும் ஆடலாம் என்று எழுதி ஒட்டினேன். பல ஆண்டுகள் கணக்குப் பிரிவில் தலைகுனிந்து வேலை செய்தவன் நான். தெரியாத நால்வர் முன் விதி சொல்ல வாய் திறந்தபோது தொண்டை வறண்டது. அந்த மேசை இல்லாமல் நேராகக் கடை திறந்திருந்தால், கல்லாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன்.

விதி சொல்வது ஒரு கலை. அதைப் பழகித்தான் பெற வேண்டும். காடான் என்ற ஜெர்மானிய விளையாட்டு 1995இல் வந்தது. அதன் விதிப் புத்தகத்தை வரிசையாகச் சொன்னால் பாதியிலேயே குழந்தைகள் எழுந்து போவார்கள். யார் முதலில் 10 புள்ளி எடுக்கிறாரோ அவருக்கு வெற்றி என்று தொடங்கினால் உட்கார்வார்கள். பிறகு ஒருவர் முறை வந்தால் என்ன செய்யலாம் என்பது. மற்றதெல்லாம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம். அதில் 6, 8 ஆகிய எண்கள் சிவப்பில் அச்சிடப்பட்டிருக்கும். ஏன் என்று ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். இரண்டு பகடையை உருட்டினால் வரக்கூடிய 36 விதங்களை அவளையே எழுதச் சொன்னேன். 6 விழ ஐந்து வழி, 8 விழ ஐந்து வழி, 2 விழ ஒரே வழி. எழுதி முடித்துவிட்டு, “அங்கிள், என் வீட்டை மாத்தி வச்சுக்கலாமா?” என்றாள்.

எந்த கேமை வாங்கி வைப்பது என்பதையும் அந்த மேசைதான் கற்றுக்கொடுத்தது. ஆங்கிலச் சொற்களை வைத்து ஆடும் கோட்நேம்ஸ் போன்றவை எங்கள் அறையில் சிலருக்கு மட்டுமே பிடித்தன; ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மெல்ல ஒதுங்கினார்கள். நிறத்தையும் வடிவத்தையும் வைத்து ஆடும் அசுல், 72 ஓடுகளை அடுக்கி ஊரையும் சாலையையும் கட்டும் கார்கசோன் ஆகியவற்றில் பாட்டியும் பேரனும் சமமாக உட்கார்ந்தார்கள். கார்கசோனில் வயல்களுக்கான விதியை முதல் ஆட்டத்தில் விட்டுவிடுவது நல்லது என்பதும் ஆட ஆடத் தெரிந்தது. ஒவ்வொரு கேமுக்கும் ஒரே பக்கத்தில் தமிழ் விதித்தாள் எழுதிவருகிறேன். என் கடையில் வாங்கும் ஒவ்வொரு பெட்டியோடும் அது போகும்.

ஒரு மாலை ஆடுபுலி ஆட்டத்தை வரைந்து வைத்தேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. அதுவரை சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த ஓர் அம்மா, “தம்பி, ஆட்டை இப்படிச் சிதற விடக்கூடாது” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரு தரப்புக்கும் வெவ்வேறு பலம், வெவ்வேறு இலக்கு என்ற அமைப்பை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கடையில் அந்தப் பலகை வாசலுக்கு அருகிலேயே இருக்கும்.

காமிக்ஸுக்கும் இதே வழி பொருந்தும். 1948இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லருக்குக் கணக்கற்ற கதைகள். புதிதாக வருபவர் எதிலிருந்து தொடங்குவார்? ‘இரத்தப்படலம்’ வரிசையாகப் படிக்க வேண்டிய கதை. லக்கி லூக் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் சிரிக்கலாம். ஆகவே என் அலமாரிகளைப் பதிப்பக வாரியாகப் பிரிக்கப் போவதில்லை. ‘இங்கே தொடங்கலாம்’, ‘தனியாகப் படிக்கலாம்’, ‘வரிசையாகப் படிக்க வேண்டும்’ என்று மூன்று பகுதிகள். முதல் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி, கடையிலேயே உட்கார்ந்து படிப்பதற்கு.

மற்ற ஆயத்தங்களும் நடக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்கிறோம். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, கேம்களுக்கு உண்டு என்பதால் பில்லில் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டியில் போட்டிருக்கும் வயதையும் முத்திரையையும் பார்த்தே சரக்கு எடுக்கிறேன். மேற்குப் பார்த்த ஒரு கடையை, வாடகை குறைவாக இருந்தும் வேண்டாம் என்றேன். மாலை வெயில் அட்டை வண்ணத்தையும் பழைய செய்தித்தாள் வகைத் தாளையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

என் மனைவி கேள்வி கேட்டதோடு நிற்கவில்லை; பதிலையும் அவரே கணக்காக்கினார். ஆறு நாற்காலி. சனி, ஞாயிறு தினமும் நான்கு மணி நேரம். ஒருவருக்கு மணிக்கு 50 ரூபாய், ஏதாவது வாங்கினால் அதில் கழித்துக்கொள்ளலாம். பாதி நாற்காலி நிரம்பினாலே மாதம் ஏறக்குறைய 4,800 ரூபாய். வாடகையில் ஒரு நல்ல பகுதியை அது தாங்கும். அதில் ஒன்றை மட்டும் நான் சேர்க்கச் சொன்னேன்: புதன்கிழமை மாலை பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. தெருவில் ஒருவன் வாங்கியதை எல்லோரும் படித்ததால்தான் நான் வாசகன் ஆனேன். காசில்லாத பிள்ளைக்கும் என் கடையில் ஒரு நாற்காலி இருக்க வேண்டும். அவர் மறுக்கவில்லை.

இதே ஆசை உள்ளவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். கடைக்கு முன்பணம் கொடுக்கும் முன், எங்காவது ஒரு மேசை போடுங்கள். மொட்டை மாடியில், பள்ளி மரத்தடியில், நூலக வராந்தாவில். சில மாதங்கள் மற்றவர்களுக்கு விதி சொல்லுங்கள், கதை சொல்லுங்கள். எது பிடிக்கிறது, எதில் எழுந்து போகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த மேசைக்கு மறுவாரமும் ஆட்கள் வந்தால், வாடகைக்கு இடம் தேடுங்கள். பெட்டியையும் புத்தகத்தையும் கூரியர் எந்த வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும். எதிரே உட்கார்ந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, கூட ஆடும் மனிதரை எந்தக் கூரியரும் கொண்டுவராது. சிறு கடைக்காரர் தரக்கூடியது அதுதான். அதற்குத்தான் முதலில் தயாராக வேண்டும்.