சுண்டுவிரல் வழக்கு

கோவையில் ஒரு லேத் பட்டறை. சக் சாவியைத் திருகும்போது தொழிலாளியின் வலது சுண்டுவிரல் முறிந்தது. பத்துப் பேருக்கும் குறைவான பட்டறை என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது, 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி தொழிலாளர் துணை ஆணையர் முன் மனுப் போட்டோம். முதலாளி எதிர்க்கவில்லை, எதிர்த்தது காப்பீட்டு நிறுவனம். எக்ஸ்ரேயில் விரலின் அடியெலும்பு உள்ளே கரைந்து, ஓரம் முட்டை ஓடுபோல மெலிந்திருந்தது. நடுவே சுண்ணாம்புப் புள்ளிகள். என்கான்ட்ரோமா என்னும் குருத்தெலும்புக் கட்டி. ‘எலும்பை உடைத்தது கட்டி, சாவியல்ல, வீட்டில் வாளி தூக்கியிருந்தாலும் உடைந்திருக்கும்’ என்று வாதிட்டார்கள்.

கேட்கச் சரியாகத்தான் இருக்கும். கை எலும்புகளில் அதிகம் காணப்படும் கட்டி இதுவே. புற்று அல்ல, பெரும்பாலும் வலியும் தராது, எலும்பு முறிந்த பிறகே பலருக்குத் தெரியவரும். ஆனால் எலும்பு எத்தனை வலுவானது என்று சட்டம் கேட்பதில்லை. எந்த வேலையில் முறிந்தது என்றே கேட்கிறது. 1910-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த க்ளோவர் க்ளேட்டன் வழக்கில், மகாதமனி வீங்கியிருந்த ஒருவர் ஸ்பானரால் நட்டை இறுக்கும்போது தமனி வெடித்து இறந்தார். வழக்கமான வேலைதான், ஆனாலும் அது விபத்தே என்றது சபை. நம் நீதிமன்றங்களும் எடுத்தாளும் தீர்ப்பு அது.

அடுத்து பயாப்சி அறிக்கையைப் பிடித்துக்கொண்டார் எதிர்த்தரப்பு வக்கீல்: ‘செல்கள் நெருக்கம், புற்று இல்லை என உறுதி கூற இயலாது.’ புற்று என்றாகிவிட்டால் ஊனத்தை நோயின் தலையில் கட்டிவிடலாம். எலும்பு டாக்டரிடம் நான் கேட்டது, இதே சிலைடு இடுப்பெலும்பிலிருந்து வந்திருந்தால் என்ன சொல்வீர்கள் என்பதுதான். “புற்று என்று சந்தேகப்படுவேன். கையில் இந்த நெருக்கம் சகஜம். எலும்பை அரித்துக்கொண்டு சதைக்குள் பரவியிருக்கிறதா என்று எக்ஸ்ரேயோடு சேர்த்துப் பார்க்கணும். இதில் பரவவில்லை” என்றார். எந்த ஆவணத்தையும் மற்றச் சாட்சியங்களிலிருந்து பிரித்துப் படிக்கக் கூடாது என்பது வக்கீல்களுக்கும் தெரிந்த விதிதான், ஆணையர் ஏற்றுக்கொண்டார்.

சட்டத்தின் கோணல் தொகையில் தெரிந்தது. சுண்டுவிரல் முழுதும் போயிருந்தால் அட்டவணையே 7 சதவீதம் என்று சொல்லிவிடும். விரல் இருந்தும் மடங்காவிட்டால் அட்டவணையில் இடமில்லை; சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று டாக்டர் மதிப்பிட வேண்டும். விறைத்த விரல் சாவியைப் பிடிக்கவிடாமல் குறுக்கே நிற்கும் என்பதால் டாக்டர் கூடுதலாகவே மதிப்பிட்டார். ‘இல்லாத விரலைவிட இருக்கிற விரலுக்கு அதிகம் தருவதா?’ என்று ஆணையர் 7-லேயே நிறுத்திக்கொண்டார்.

உயர் நீதிமன்றம் போக முக்கியமான சட்டக் கேள்வி வேண்டும்; சதவீதத்தை அப்படிக் காட்டுவது எளிதல்ல. தொழிலாளியை ஏற்றுக்கொள்ளச் சொன்னேன். 12 சதவீத வட்டியோடு பணம் வந்தபோது, அவர் அதே பட்டறையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில், குறைந்த சம்பளத்தில் இருந்தார். அந்தக் குறைவை அளக்கத்தான் சட்டம் டாக்டரை அழைத்தது, அளந்ததோ அட்டவணை.