ஏறும் சில்லும் பொருந்தும் சில்லும்

வவுனியா நகரில் இன்று ஒரு மொறிஸ் மைனர் கார் போனால் வயதானவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். இளைஞர்கள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான அந்தச் சிறிய கார், பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான முதலாவது பிரித்தானியக் கார். இலங்கையில் அது ஆசிரியர்களினதும் அப்போதிக்கரிமாரினதும் கமக்காரர்களினதும் காராக இருந்தது. 1990களில் அதற்கான உதிரிப்பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்றால் இந்த மண்ணோடு அதற்கிருந்த உறவு விளங்கும்.

வன்னியில் அந்த உறவுக்கு வேறொரு காரணமும் உண்டு. 1990இல் பொருளாதாரத் தடை இறுகியபோது புதிய வாகனமும் வரவில்லை, பெற்றோலும் வரவில்லை. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் பாட்டுக்கு ஈடுகொடுத்தவை மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்களே. 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தபோது வன்னிக்குள்ளிருந்து வந்த சில கார்களைப் பார்த்திருக்கிறேன். நான்கு சில்லும் நான்கு விதமாக இருந்தன. (தமிழகத்து வாசகர்களுக்கு: சக்கரத்தை எங்கள் பக்கத்தில் சில்லு என்போம்.) கிடைத்ததைப் பூட்டினார்கள், வேறு வழியிருக்கவில்லை. இன்று வழி இருக்கிறது. ஆனால் 'கிடைத்ததைப் பூட்டும்' பழக்கம் மட்டும் போகவில்லை.

அண்மையில் நண்பர் ஒருவரின் சகோதரி மகன் இலண்டனிலிருந்து தன் திருமணத்துக்காக வந்திருந்தான். அம்மப்பாவின் மைனர் வவுனியா வீட்டுக் கொட்டகையில் நின்றது. அதைத் திருத்தி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் கிளிநொச்சி வரை அதிலேயே கொண்டுபோவது என்று முடிவாயிற்று. 70 கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஓட்டம். காருக்கு அழகு சேர்க்கக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் நான்கு பழைய அலோய் சில்லுகளையும் வாங்கி வந்திருந்தான். எட்டுக் கம்பி, பதின்மூன்று அங்குலம், பார்க்க மிக இலட்சணம். "மினிலைட் சில்லு, 1960களில் மினி பந்தயக் கார்களுக்குப் போட்டது" என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

கராஜில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு மெக்கானிக் ஐயா இருக்கிறார். அவர் சில்லின் முகத்தைப் பார்க்கவில்லை. கவிழ்த்துப் போட்டு முதுகை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். பழைய சில்லின் பிறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் அங்கேதான், கம்பிகளின் பின்புறத்திலும் நடுத்துளையைச் சுற்றியும் வார்ப்பிலேயே இருக்கும். அங்கே '13×5½ ஜேஜே' என்றும் 'ஜேடபிள்யூஎல்' என்றும் பதிந்திருந்தது. 13 என்பது விட்டம். 5½ என்பது ரயர் உட்காரும் அகலம், இரண்டும் அங்குலத்தில். ஜேஜே என்பது விளிம்பின் வடிவம். ஜேடபிள்யூஎல் என்பது ஜப்பானிய இலேசு உலோகச் சில்லுகளுக்கான தர முத்திரை. ஆக, சில்லு மினிலைட் அல்ல. அந்தத் தோற்றத்தில் ஜப்பானில் வார்த்தது. அதனால் அது மட்டமான சில்லு என்று ஆகிவிடாது. ஆனால் ஜப்பானியக் காருக்குச் செய்த சில்லு என்ற ஐயம் அங்கேதான் எழுந்தது.

அடுத்து ஐயா வேர்ணியரை எடுத்தார். நான்கு துளைச் சில்லில், எதிரெதிரான இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரமே துளை வட்டத்தின் விட்டம். மையத்தைக் கண்ணால் குறிக்க முடியாது. ஆகவே ஒரு துளையின் உள் விளிம்பிலிருந்து எதிர்த்துளையின் வெளி விளிம்பு வரை அளக்க வேண்டும். (ஐந்து துளை என்றால் நேரெதிர்த் துளை இராது, அடுத்தடுத்த இரு மையங்களின் தூரத்தை 1.7ஆல் பெருக்கினால் ஏறக்குறைய விட்டம் வரும்.) சில்லில் வந்த அளவு சரியாக 100 மில்லிமீற்றர். மைனரின் அளவு 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர்.

"ஒன்றரை மில்லிமீற்றர்தானே ஐயா, ஏறுதே" என்றான் பையன். அவன் சொன்னது உண்மை. தூக்கி வைத்ததும் சில்லு ஏறிவிட்டது.

"ஏறுது எண்டதுக்காகப் பொருந்துது எண்டு அர்த்தமில்லைத் தம்பி" என்றார் அவர்.

ஏன் ஏறியது என்பதை அவர் விளக்கியபோதுதான் விடயத்தின் ஆபத்து விளங்கியது. மைனரின் ஸ்ரட் எட்டில் மூன்று அங்குலம், ஏறத்தாழ 9.5 மில்லிமீற்றர் பருமன். ஜப்பானியச் சில்லின் துளையோ 12 மில்லிமீற்றர் ஸ்ரட்டுக்காகக் குடைந்தது. பெரிய துளைக்குள் மெல்லிய ஸ்ரட் தாராளமாகப் போகும். ஆனால் சில்லை மையத்தில் நிறுத்துவது துளையல்ல, நட்டின் கூம்பு முகம். அது துளை வாயிலுள்ள கூம்பில் சுற்றிவர முழுதாக உட்கார வேண்டும். இங்கே ஒவ்வொரு துளையும் 0.8 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி நிற்பதால் நட் ஒரு பக்கத்தில் மட்டும் கடிக்கும். இறுக்க இறுக்க ஸ்ரட் உள்நோக்கி வளையும். நின்ற நிலையில் ஒன்றும் தெரியாது. ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் அந்த வளைவு அசையும். நட் தளரும், அல்லது ஸ்ரட் களைத்து முறியும். அறவே பொருந்தாத சில்லு யாரையும் கொல்லாது, ஏனெனில் அதைப் பூட்டவே முடியாது. கிட்டத்தட்டப் பொருந்துகிற சில்லுதான் பாதி வழியில் கழன்று ஓடும்.

பையன் விடவில்லை. துளையை மாற்றிக் குடையலாமா என்றான். 0.8 மில்லிமீற்றர் தள்ளிக் குடைந்தால் புதிய துளை பழைய துளையின் மேலேயே விழும். வட்டம் நீள்வட்டமாகுமே தவிர வேறொன்றும் நடவாது. இடையில் ஒரு தட்டு வைத்து மாற்றலாமா என்றான். அப்படி ஒரு தட்டு இரண்டு வரிசை ஸ்ரட்டைத் தாங்கத் தடிப்பாக இருக்க வேண்டும். அது சில்லை வெளியே தள்ளும். பெயாரிங்கின் மேல் சுமை கூடும். ரயர் மட்காட்டில் உரசவும் கூடும்.

துளை வட்டம் சரியாக இருந்தாலும் வேலை அத்தோடு முடிவதில்லை. சில்லின் முழு அகலத்தின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் முட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், அதாவது ஓவ்செற், மூலச் சில்லுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். ரயரின் வெளி விட்டமும் பார்க்க வேண்டும். 14 அங்குலச் சில்லில் 145 அகல ரயர் ஏறக்குறைய 588 மில்லிமீற்றர். 13 அங்குலச் சில்லில் 175/70 ரயர் 575. இரண்டு வீத வித்தியாசம் பெரிதல்ல. வேகமானி 100 காட்டும்போது கார் 98இல் போகும், அவ்வளவே. பூட்டியபின் சில்லைக் கையால் சுற்றி, ஸ்ரியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். நூறு கிலோமீற்றர் ஓடுமுன் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பழைய அலோய் என்றால், பூட்டுவதற்கு முன்னரே சாயம் பூசி வெடிப்புச் சோதனை செய்வதும் அவசியம். நிறம் பூசி மறைத்த வெடிப்புகள் சந்தையில் நிறைய உண்டு.

முடிவில் அம்மப்பாவின் இரும்புச் சில்லுகளே துரு நீக்கி, வெள்ளி நிறம் பூசி, புது ரயரோடு பூட்டப்பட்டன. திருமணத் தம்பதியர் பத்திரமாகக் கிளிநொச்சி போய்ச் சேர்ந்தனர். அலோய் ஆசையும் வீண்போகவில்லை. எம்ஜி மிட்ஜெற் என்னும் சிறு பந்தயக் காருக்கும் துளை வட்டம் அதே 4 அங்குலம், சில்லு 13 அங்குலம். அதற்கென்று செய்த சில்லுகளை இலண்டனில் தேடி, ஓவ்செற் அளவையும் ஐயாவிடம் காட்டிச் சம்மதம் பெற்ற பிறகே வாங்குவதாகப் பையன் வாக்குக் கொடுத்துப் போயிருக்கிறான்.

யோசித்துப் பார்த்தால் அந்த 1.6 மில்லிமீற்றருக்குள் எங்கள் தீவின் இறக்குமதி வரலாறே அடங்கியிருக்கிறது. ஆங்கிலேயரின் கார்கள் அங்குலத்தில் வந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்தபின் ஜப்பானியக் கார்கள் மில்லிமீற்றரில் வந்து குவிந்தன. பழைய பொருட் கடையில் இரண்டும் ஒரே குவியலில் கிடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்து தாத்தாவின் காரை உயிர்ப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் இப்போது பெருகிவருகிறார்கள், நல்ல காரியம். அவர்களுக்குச் சொல்ல நினைத்தது இதுதான்: பணம் கொடுக்குமுன் சில்லைக் கவிழ்த்துப் பாருங்கள், வேர்ணியரால் அளந்து பாருங்கள். அந்த நான்கு ஜப்பானியச் சில்லுகளும் உரிய கார் வரும்வரை ஐயாவின் கராஜ் மூலையில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் சோக்குக் கட்டியால் எழுதி வைத்திருக்கிறார்: '4×100. மைனருக்கு வேண்டாம்.'