1003 யாருடைய எண்?

வெள்ளி, இரவு

திருவானைக்காவலில் ஒரு வீடு. மாடிப்படிக்குக் கீழே, இன்வெர்ட்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் பெட்டி. மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. அதுதான் வீட்டின் ஃபைல் சர்வர். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் வீட்டுக்காரர் அதில் டெபியன் லினக்ஸ் 10 போட்டு வைத்திருந்தார். அந்தப் பதிப்புக்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30 உடன் முடிந்துபோனது. பத்திலிருந்து பன்னிரண்டுக்கு நேராகத் தாவ டெபியன் இடம் கொடுப்பதில்லை. பதினொன்றில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். அவருக்கு அந்தப் பொறுமை இல்லை. சிஸ்டம் இருந்த சிறிய எஸ்எஸ்டியைத் துடைத்துவிட்டு 12ஐப் புதிதாகவே நிறுவினார். படங்களும் பதிவுகளும் இருக்கும் 4 டிபி ஹார்டு டிஸ்கில் கை வைக்கவில்லை. வீட்டில் நால்வருக்கும் கணக்குத் தொடங்கியாயிற்று, ஃபோல்டர்களை மற்ற கணினிகளுக்குப் பகிரும் சாம்பாவும் ஓடுகிறது. படுக்கப் போய்விட்டார்.

சனி, காலை

காபி ஆறுவதற்குள் புகார் வந்துவிட்டது. மனைவி வீணை ஆசிரியை. "என்னங்க, என் ஃபோல்டரே திறக்கலை. பாடம் எடுத்த பதிவெல்லாம் அதுலதானே இருக்கு?"

மகளுக்கும் அதே கதை. குடும்பப் படங்கள் ஃபோல்டர் மட்டும் திறக்கிறது, ஆனால் புதிதாக எதையும் சேமிக்க விடவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த மகன் தன் லேப்டாப்பில் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுடைய ஃபோல்டர் பூட்டிக் கிடக்கிறது. தங்கையுடையதோ தாராளமாகத் திறக்கிறது. தங்கைக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். லினக்ஸில் ஒரு ஃபைல் யாருடையது என்பது டிஸ்கில் பெயராக எழுதப்படுவதில்லை, எண்ணாகத்தான் எழுதப்படுகிறது. எந்த எண் எந்த ஆள் என்ற பட்டியல் சிஸ்டம் டிஸ்கில் இருக்கும். எஸ்எஸ்டியைத் துடைத்தபோது அந்தப் பட்டியலும் போய்விட்டது. டெபியன் முதல் கணக்குக்கு 1000 கொடுக்கும், அடுத்தடுத்தவர்களுக்கு 1001, 1002 என்று போகும். பழைய சிஸ்டத்தில் அவர், மனைவி, மகன், மகள் என்ற வரிசை. வெள்ளி இரவு அவர் கணக்குக்கு அடுத்து, பக்கத்தில் நின்ற மகள் தன் கடவுச்சொல்லை முதலில் தட்டினாள். பிறகு மனைவி, கடைசியில் மகன். ஆக, மகளுக்கு இருந்த 1003 இப்போது மகனுக்கு. மனைவியின் வீணைப் பதிவுகளுக்கு மகள் சொந்தக்காரி. மகனின் பைக் படங்களுக்கு அம்மா.

ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை எண்ணை மறைத்துப் பெயரைக் காட்டுவதால் முதலில் ஒன்றும் புரியவில்லை. எண்களை அப்படியே காட்டு என்று கேட்டதும் குட்டு உடைந்தது. குடும்பப் படங்கள் ஃபோல்டருக்கு எதிரே மட்டும், பெயர் காட்டிய முதல் பட்டியலிலேயே, குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 1004 நின்றது. பழைய சிஸ்டத்தில் அது நால்வரும் சேர்ந்த ஒரு குழு. புதியதில் அப்படியொரு குழுவே பிறக்கவில்லை.

சனி, இரவு

"777 போட்டுடுங்கப்பா. அஞ்சு நிமிஷ வேலை" என்றான் மகன்.

உலகம் முழுக்க வீட்டு சர்வர்காரர்கள் கொடுத்துக்கொள்ளும் அறிவுரை இது. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. சொந்தக்காரர், குழு, மற்றவர் என்று மூன்று பேருக்கும் ஏழு ஏழாக அள்ளிக் கொடுத்துவிட்டால் யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். அதுதான் அதன் கோளாறும். தங்கையின் ஃபோல்டர் அண்ணனுக்கு மட்டுமல்ல, சர்வரில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் திறந்துவிடும். கல்யாணப் படம்கூட இயக்கத்தக்க ஃபைலாக மாறும். எல்லாவற்றையும்விட, முன்பு எதற்கு என்ன அனுமதி இருந்தது என்ற விவரம் அந்த டிஸ்கில் மிஞ்சாது. திரும்பி வருவது சுலபமில்லை.

"போடலாம்டா. அப்புறம் உன் ஃபோல்டரை எல்லாரும் பார்ப்பாங்க, பரவாயில்லையா?"

மகன் பேச்சை மாற்றினான்.

ஞாயிறு, காலை

டிஸ்கில் உள்ள ஃபைல்களின் எண்ணை மாற்றுவதா, ஆட்களின் எண்ணை மாற்றுவதா? பெரும்பாலானோர் முதல் வழியில் இறங்குவார்கள். தனித்தனி ஃபோல்டர்களுக்கு அது சரிப்படும். நால்வரின் ஃபைல்களும் கலந்து கிடக்கும் பொது ஃபோல்டரில் சரிப்படாது. 1001ஐ எல்லாம் 1002 ஆக்கினால், ஏற்கெனவே 1002 ஆக இருந்தவையும் அவையும் ஒன்றாகிவிடும். பிறகு பிரிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு: அலமாரியில் இருக்கும் பேக்கப் டிஸ்கிலும் இதே பழைய எண்கள்தான். ஒரு டிஸ்கை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டும்.

ஆட்களை மாற்றுவதோ சுலபம். அந்தக் கணக்குகளுக்கு வயது ஒன்றரை நாள்தான், உள்ளே ஒன்றும் சேரவில்லை. மூவரின் கணக்கையும் நீக்கிவிட்டு, இன்னாருக்கு இன்ன எண் என்று தானே குறிப்பிட்டு மறுபடி சேர்த்தார். 1004 என்ற எண்ணில் குழுவையும் உண்டாக்கி நால்வரையும் அதில் போட்டார். சாம்பா கடவுச்சொற்களைத் தனிக் கிடங்கில் வைத்திருப்பதால் அங்கேயும் ஒருமுறை எல்லாரும் தட்ட வேண்டியிருந்தது. டிஸ்கில் ஒரு ஃபைலைக்கூட அவர் தொடவில்லை.

மகளின் லேப்டாப்பில் மனைவியின் பெயரைக் கொடுத்துச் சோதித்தபோது விண்டோஸ் மறுத்தது. இது வேறு சங்கதி. ஒரே சர்வரோடு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்களில் பேச விண்டோஸ் சம்மதிக்காது. பழைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். சரியாகச் செய்த வேலையைத் தப்பென்று நினைத்துக் கலைத்துவிடும் இடம் இதுதான்.

ஞாயிறு, மாலை

ஃபோல்டர்கள் திறக்கின்றன, எழுத இன்னும் முடியவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் கேட் வாட்ச்மேன் உள்ளே விட்டாலும் வீட்டுப் பூட்டுக்குச் சாவி வேண்டும். சாவி இருந்தாலும் வாட்ச்மேன் விட வேண்டும். சாம்பா வாட்ச்மேன், டிஸ்கில் உள்ள அனுமதி பூட்டு. இரண்டில் கண்டிப்பானவர் சொல்வதே நடக்கும். வேறு மாதிரி சொல்லாதவரை, பகிரும் எந்த ஃபோல்டரையும் படிக்க மட்டுமே சாம்பா அனுமதிக்கும். சாம்பாவின் அமைப்பு ஃபைலில் அதற்கான ஒரு வரியை மாற்றியதும் மனைவியின் பதிவு ஏறியது.

ஆனால் பொது ஃபோல்டரில் மனைவி ஏற்றிய ஃபைலை மகளால் திருத்த முடியவில்லை. புதிய ஃபைலுக்குச் சாம்பா தானாகக் கொடுப்பது அதிகபட்சம் 744. அதில் குழுவுக்கு எழுதும் உரிமை இல்லை. அதை 664 ஆக்கி, ஃபோல்டர்களுக்கு 2775 வைத்தார். முன்னால் நிற்கும் அந்த 2 சின்ன விஷயமல்ல. அதற்கு செட்ஜிஐடி என்று பெயர்: உள்ளே யார் எதை உண்டாக்கினாலும் அது ஃபோல்டரின் குழுவுக்கே சேரும். இதன் உடன்பிறப்பான செட்யூஐடி டென்னிஸ் ரிட்சியின் கண்டுபிடிப்பு. அதற்கு 1979இல் அமெரிக்காவில் காப்புரிமையே கிடைத்தது. பின்னர் அது பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது.

திங்கள், இரவு

பழைய ஸ்கேனர் மட்டும் சர்வரைக் கண்டுகொள்ளவில்லை. திரையில் வந்த செய்தி அனுமதிப் பிழை போலத்தான் இருந்தது. ஆனால் இதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமில்லை. ஸ்கேனருக்குத் தெரிந்த ஒரே ஃபைல் பகிர்வு நெறிமுறை எஸ்எம்பி 1. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் உலகைச் சுற்றி வந்தது விண்டோஸின் எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். 2019இல் வந்த சாம்பா 4.11 அந்த நெறிமுறையை இயல்பாகவே அணைத்துவிட்டது. டெபியன் 10இல் இருந்தது 4.9, அதனால் இத்தனை நாள் ஓடியது. ஒரு வரி எழுதினால் மறுபடி திறந்துவிடலாம்.

அவர் எழுதவில்லை. ஸ்கேனரில் பென்டிரைவ் செருகும் இடம் இருக்கிறது.

புதன், மாலை

மனைவிக்கு ஒரு வேண்டுகோள். மூத்த மாணவி ஒருத்தி வாரந்தோறும் வீட்டுக்கு வருகிறாள். அவள் பாடப் பதிவுகளைக் கேட்க வேண்டும், மனைவியின் ஃபோல்டரில் மற்ற எதையும் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர், குழு, மற்றவர் என்ற மூன்று கட்டங்களுக்குள் இது அடங்காது. இதற்கென்று ஏசிஎல் என்னும் பட்டியல் முறை இருக்கிறது. அதற்காக யூனிக்ஸ் உலகில் எழுதிய போசிக்ஸ் வரைவு, தரநிலை ஆகாமலேயே 1990களின் பிற்பகுதியில் கைவிடப்பட்டது. லினக்ஸ் அந்த வரைவையே வைத்துக்கொண்டு இன்றுவரை ஓட்டுகிறது.

மாணவிக்கு 1005. மனைவியின் ஃபோல்டரைக் கடந்து செல்ல மட்டும் ஒரு அனுமதி. அதற்குள் இருக்கும் பாட ஃபோல்டரில் படிக்கவும் நுழையவும் இன்னொன்று. இனி சேரப்போகும் பதிவுகளுக்கும் அதுவே பொருந்தும்படி வைத்தார். பெயர்-எண் பட்டியலை இந்தத் தடவை டேட்டா டிஸ்கிலேயே ஒரு ஃபைலாக எழுதிப் போட்டார். மாணவி மொபைலில் ஒரு வர்ணத்தைத் திறந்தாள், ஓடியது. அழிக்கச் சொல்லிப் பார்த்தார், சர்வர் மறுத்தது.