இரண்டு கட்டைக்கும் இரண்டரைக்கும் நடுவே

ஞாயிறு மாலைகளில் இசைத்தட்டுக் கேட்பதற்கென்று கூடும் நாங்கள் நான்கு பேர். கூடுமிடம், எங்களில் மூத்தவரான நண்பரின் மாடியறை. அங்கே உள்ள தட்டுகளில் அவர் பிறர் கையில் தராதது ஒன்றே ஒன்று: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்தது. அண்ணன் காலமாகி வெகுகாலம் ஆயிற்று. உறையின் ஒரு மூலையில் அவர் எழுதிவைத்த பெயர் இன்னும் அழியவில்லை.

அதே இசையின், 1997இல் ரீமாஸ்டர் செய்யப்பட்ட குறுந்தகட்டை எங்களில் ஒருவர் வாங்கிவந்த நாளில்தான் தகராறு தொடங்கியது. முதல் பாடலான 'ஸோ வாட்' ஒலித்ததும் நண்பரின் முகம் சுருங்கிவிட்டது. உயிரில்லை என்றார். டிஜிட்டல் என்றாலே இப்படித்தான், ரத்தத்தை வடித்துவிட்டு உடலை மட்டும் தருவார்கள் என்றார். நாங்களும் தலையசைத்தோம். அனலாக்கின் கதகதப்பு, டிஜிட்டலின் குளிர்ச்சி என்று படித்துவைத்திருந்த சொற்கள் நாக்கின் நுனியிலேயே இருந்தன.

மறுத்தவர் புல்லாங்குழல் வாசிக்கும் நண்பர். இது குளிர்ச்சியோ வெப்பமோ அல்ல, சுருதி என்றார். மறுவாரம் சுருதிப்பெட்டியோடு வந்தார். 'ஸோ வாட்' பெரும்பகுதி டி ஸ்வரத்தை ஆதாரமாகக்கொண்ட டோரியனில் அமைந்தது. நம் காதுக்கு இரண்டு கட்டையில் கரகரப்பிரியா. நடுவில் எட்டு அளவுகளுக்கு மட்டும் இரண்டரைக் கட்டைக்கு ஏறித் திரும்பும். பெட்டியை இரண்டு கட்டையில் வைத்தபோது குறுந்தகடு அதில் வந்து அமர்ந்தது. அண்ணனின் தட்டு அமரவில்லை. இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவே எங்கோ நின்றது.

சுழல்மேடை வேகமாக ஓடுகிறது என்று நினைத்தோம். தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்தை வைத்தால், 'ஆல் ப்ளூஸ்' குறுந்தகட்டோடு துல்லியமாக ஒத்துப்போயிற்று. ஒரு பக்கத்துக்கு மட்டும் வேகமாகச் சுழலும் இயந்திரம் உலகில் இல்லை.

விஷயம் பின்னர்தான் தெரியவந்தது. முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியாவின் முப்பதாம் தெரு ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானவை. அன்று மூலப்பிரதியைப் பதிந்த இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைந்து, சுருதி ஏறிவிடும். ஏற்றம் சுமார் கால் ஸ்வரம். ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்துக்கு இந்தக் குறை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளியான தட்டுகளும், தொடக்ககாலக் குறுந்தகடுகளும்கூட, இந்தப் பிழையைச் சுமந்தே வந்தன. 1992 மறுவெளியீட்டில்தான் அது திருத்தப்பட்டது. திருத்தியது எந்தக் கணினி வித்தையும் அல்ல. அதே நாளில் பாதுகாப்புக்காக இன்னோர் இயந்திரத்தில், சரியான வேகத்தில் பதிந்துவைத்த மற்றொரு ஒலிநாடா. அனலாக்கின் பிழையை அனலாக்கே திருத்தியது. டிஜிட்டல் அதை எங்கள் அறைவரை கொண்டுவந்தது, அவ்வளவே.

அப்படியானால் நாங்கள் கதகதப்பு என்று கொண்டாடியது எதை? தட்டு வெட்டுபவர் எப்போதுமே சமரசம் செய்பவர்தான். தாழ்ந்த ஒலிகளை அப்படியே விட்டால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் புகும். ஆகவே குறைத்து வெட்டி, ஒலிபெருக்கியில் மீண்டும் கூட்டுகிறார்கள். அவற்றை இடம் வலமாகப் பிரிக்காமல் நடுவில் குவிக்கிறார்கள், இல்லையேல் ஊசி துள்ளிவிடும். தட்டின் மையத்தை நெருங்க நெருங்க உச்ச ஒலிகள் மங்கும். குறுந்தகட்டுக்கு இந்தத் தளைகள் இல்லை. வினாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், சுமார் 96 டெசிபல் வீச்சு. கிடைத்த அந்தச் சுதந்திரத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. தொண்ணூறுகளிலிருந்து எல்லா ஒலியையும் உச்சத்துக்கே நெருக்கி இரைச்சலாக்கினார்கள். 2008இல் மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னெடிக்' வந்தபோது அதன் ரசிகர்களே முறையிட்டார்கள். குற்றம் எண்களுடையதல்ல, குமிழைத் திருகிய கையினுடையது.

காதை மட்டுமே நம்புவோர்க்கு 2022 ஒரு சோதனை. ஒலிநாடாவிலிருந்து நேரே வெட்டியவை என்று நம்பி ரசிகர்கள் பெருவிலை தந்து வாங்கிய மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகள் பலவற்றில், 2011 முதலே இடையில் ஒரு டிஜிட்டல் பிரதி இருந்தது என்பது அவ்வாண்டு வெளியாயிற்று. உலகின் தேர்ந்த காதுகள் பல அதுவரை அவற்றைத்தான் அனலாக்கின் சிகரம் என்று புகழ்ந்துகொண்டிருந்தன. நாங்கள் சிரித்தோம், ஆனால் அடக்கமாக. சுருதிப்பெட்டி இன்னும் அதே அறையில்தான் இருந்தது.

மூத்த நண்பரிடம் எல்லாவற்றையும் விளக்கினோம். மறுக்கவில்லை. மைல்ஸ் ஊதியது இரண்டு கட்டையில்தான் என்பதை ஏற்றுக்கொண்டார். எங்களுக்கு இப்போது குறுந்தகடே காதில் பதிந்துவிட்டது. பழைய தட்டு சற்றே அவசரப்படுவதுபோல் படுகிறது. மார்ச் மாதத்து ஞாயிறுகளில் ஒன்று அண்ணனின் திதியையொட்டி வரும். அன்று அவர் முதல் பக்கத்தைத்தான் வைப்பார். குழல் நண்பர் அன்றைக்கு மட்டும் பெட்டியைத் தொடுவதில்லை.