வயசு மேல பழி போடாதீங்க!

இங்கிலாந்தில் வசிக்கும் அந்த அப்பாவிடம் 1990-ம் ஆண்டு மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. இரண்டே சீட் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். மகளை பள்ளிக்கு அழைத்துப் போன கார். சில மாதங்களாக ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினாலே பின்பக்கம் 'தட்' என்று இடித்தது. அவருக்கோ முதுகு வலி. ''ரெண்டு பேருக்குமே வயசாயிடுச்சு'' என்று காரை விற்க விளம்பரமே கொடுத்துவிட்டார்.

கல்லூரி விடுமுறைக்கு வந்த மகள், ''ஒரு தடவை கழற்றிப் பார்த்துடலாம்ப்பா'' என்றாள்.

காரைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, பின்சக்கரங்களைக் கழற்றினார்கள். ஷாக் அப்சார்பரின் தூசி உறையை விலக்கியதும் நொறுங்கிய பிஸ்கட் போல துகள்கள் கொட்டின. அதுதான் பம்ப் ஸ்டாப். சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது கடைசி இடியைத் தாங்கும் நுரைத் துண்டு. உள்ளங்கையில் அடங்கிவிடும். தாழ்வான கார் என்பதால் அதற்கு வேலை அதிகம்.

இரண்டு பக்கமும் புதிதாக மாற்றினார்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடும் என்பதால், அதைப் பிரிக்கும் வேலையை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டார்கள். கார் தரையில் நின்ற பிறகே கீழ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கினார்கள். இல்லையென்றால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழிந்துவிடும்.

அதே ஸ்பீட் பிரேக்கர். சத்தமே இல்லை.

அன்றிரவே விளம்பரத்தை நீக்கினார் அப்பா. மறுநாள் காலை, முதுகு வலிக்காக டாக்டருக்கு போன் செய்தார்.